மீளா மாற்றத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்

தண்ணீர் முதலில் வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு, அதில் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கினார்கள், கலங்கல்கூட இல்லை, டம்ளருக்கு அடியில் என் மேஜையின் கீறல் தெரிந்தது. வலது கை விரல்களை முக்குங்க சார் என்றார் ஆய்வாளர் அம்மா. லஞ்ச ஒழிப்பிலிருந்து வந்தவர், என் அக்கா வயது, தான் பிடிக்க வந்த ஆளைக்கூடச் சார் என்றுதான் கூப்பிடுகிறார், டேய் என்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும், கோபம் வந்தால் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம். முக்கினேன். விரல் நுனியிலிருந்து ஒரு நூல் இறங்கியது, ரோஸ் நிறத்தில், அடுத்த நொடி டம்ளர் முழுக்க ரோஸ். கல்யாண வீட்டு ரோஸ்மில்க் நிறம். கொதிக்கவில்லை, புகையவில்லை, ஒரு சத்தமும் இல்லை. நிறம் மாறுதல், வெப்பம் வெளிவருதல், வாயு வெளிவருதல், புதிய பொருள் உண்டாதல், இதில் ஒன்று இருந்தாலும் வேதியியல் மாற்றமாக இருக்கலாம் என்று இன்று காலை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் மகள் வெயினிக்கு நானேதான் சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்பு, அறிவியல், மதியம் பரீட்சை. சும்மா மண்டைய ஆட்டக் கூடாது, வாயத் திறந்து ஒப்பி என்று அதட்டல் வேறு. தில்லைநாயகம், நகராட்சி உரிமப் பிரிவு, பத்தொன்பது வருஷ சர்வீஸ், விரலை விட்டால் தண்ணீர் ரோஸாகிறது. சுற்றி நின்றவர்கள் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். அதன் நிறமும் மாறித்தான் இருக்கும்.

இடது கைக்கு இன்னொரு டம்ளர், சட்டைப் பைக்கு மூன்றாவது டம்ளர். பையை நனைக்க வேண்டுமென்று சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றிக் கொடுத்தேன், அது இனி அவர்களுடைய சட்டை, கோர்ட்டுக்குப் போகிற சட்டை. பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். பனியனில் இடது அக்குளுக்குக் கீழே ஓர் ஓட்டை. காலையில்தான் வடிவு சொன்னாள், சண்முகவடிவு, என் மனைவி, அதத் தூரப் போடுங்களேன், தரை துடைக்கக்கூட லாயக்கில்ல என்று. உள்ள போடுறதுதான, யாரு பாக்கப் போறா என்றேன். யாரு பாக்கப் போறா. சாட்சிக்கு வந்த இரண்டு பேர் பார்க்கிறார்கள், வாசலில் ஒதுங்கி நிற்கும் எங்கள் பிரிவே பார்க்கிறது, டைப்பிஸ்ட் பிரேமாவதி மட்டும் பார்க்காத மாதிரி சுவரைப் பார்க்கிறாள், அதுதான் ரொம்ப வலிக்கிறது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்து ஓட்டையை மறைக்கிறேன், வாங்கின கையை மறைக்கத் தெரியாதவன் ஓட்டையை மறைக்கிறேன். வீட்டுக்குத் தகவல் சொல்லணும் சார், அப்படியே மாத்துச் சட்டையும் கொண்டு வரச் சொல்லணும், ஒரு நம்பர் குடுங்க என்றார் ஆய்வாளர். யோசிச்சுச் சொல்றேன் மேடம் என்றேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது, ஏதோ பெண் கேட்டு வந்த மாதிரி. அவர் அதற்கும் சரி என்றார், மகஜர் எழுதி முடிக்கிறதுக்குள்ள சொல்லுங்க என்றார். மகஜர் என்றால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் காகிதம், ஒரு காவலர் என் மேஜையில், என் பேனா ஸ்டாண்டைத் தள்ளி வைத்துவிட்டு, பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருக்கிறார். மெதுவாக எழுதுங்கள் ஐயா. ஆயுசு பூராவும் எழுதுங்கள்.

கடிகாரம் மூன்று பத்து காட்டியது. அது கால் மணி நேரம் மெதுவாகப் போகிற கடிகாரம், போக வைத்ததே நான்தான், பேட்டரி மாற்றுகிற சாக்கில் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால் திருப்பினேன், தாமதமாக வருகிறவர்களும் பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகட்டுமென்று. தில்லை அண்ணனுக்கு என்ன மனசு என்று பிரிவே கொண்டாடியது. ஆக இப்போது மூன்று இருபத்தைந்து. வடிவின் போன் பிரிட்ஜுக்கு மேல் இருக்கும், அவள் தையல் மிஷினில் இருப்பாள், போன் நாலாவது மணி அடிப்பதற்குள் வந்து எடுப்பாள். நாலு பத்துக்குப் பள்ளிக்கூடம் விடும், இரண்டு தெரு, வெயினி நடக்க மாட்டாள், ஓடித்தான் வருவாள், நாலு இருபதுக்கு வீட்டில். வந்ததும் பையைச் சோபாவில் எறிவாள், செருப்போடு போய்ப் போனை எடுப்பாள், அதன் பிறகு ராத்திரிவரைக்கும் அந்தப் போன் அவளுடையது, யார் கூப்பிட்டாலும் அவள்தான் ஹலோ. நாலு இருபதுக்கு முன்னால் பேசிவிட வேண்டும். அவ்வளவுதான். வடிவிடம் சொல்லிவிட்டால் வெயினிக்கு எப்படிச் சொல்லுவது, எவ்வளவு சொல்லுவது என்று வடிவு பார்த்துக்கொள்வாள், ரொம்ப நாள் சொல்லாமல்கூட இருந்துவிடுவாள், அவள் சாமர்த்தியக்காரி. ஆனால் அந்த நாலாவது மணியில் சொல்லுங்க என்பாளே, நான் என்னத்தைச் சொல்ல. மச்சினன் நம்பரைக் கொடுக்கலாம். கல்யாணசுந்தரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கால் மணியில் வந்து நிற்பான், வாயில் ஐயோ அத்தான், கண்ணில் தீபாவளி. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான், அவன் சட்டை கொண்டு வருவதற்குள் எனக்கு ஜாமீனே கிடைத்துவிடும். வேறு யார். பத்தொன்பது வருஷமாக ஊரில் பாதிப் பேர் என்னை வழியில் நிறுத்தி வணக்கம் சொல்கிறார்கள், ஒரு சட்டை கேட்க ஓர் ஆள் இல்லை.

எவ்வளவு வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். பெரிய தொகையாக இருந்தாலாவது ஊரில் ஒரு மரியாதை இருக்கும். ஆனால் யாரிடம் வாங்கினேன் என்பதை நான் சொல்லாவிட்டாலும் மகஜரில் வருகிறது, காவலர் எழுதும்போதே வாய்விட்டுப் படிக்கிறார், பேச்சித்தாய், வயது ஐம்பத்திரண்டு, கற்பூரம் தயாரிப்பு. தயாரிப்பு என்றால் ஆலையில்லை. பொடியை மூட்டையில் வாங்கி, வீட்டுப் பின்கட்டில் கைமிஷினில் அழுத்தி வில்லையாக்கி, தாளில் சுற்றி, கோயில் கடைகளுக்குப் போடுகிறவள். கூட இரண்டு பெண்கள். உரிமம் புதுப்பிக்க மனு கொடுத்தாள், பின்வாசல் இல்லை, தீயணைப்பு வாளி இல்லை என்று நான் குறிப்பு எழுதினேன். எழுதினது பொய் இல்லை, பொய் எழுதாமலே ஒரு ஃபைலை அமுக்கத் தெரிந்திருப்பதுதான் இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம். அவள் சுவரை இடித்துப் பின்வாசல் வைத்தாள். நாலு வாளி வாங்கிச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, மணல் நிரப்பி, வரிசையாக மாட்டி, போட்டோ எடுத்துக் கொண்டுவந்து காட்டினாள், போட்டோவில் வாளிகளுக்குப் பக்கத்தில் அவளும் நிற்கிறாள், கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக. பாப்போம் என்றேன். ஐந்து மாசம் பாப்போம் என்றேன். சார், பொருளு காத்தோட போகுது சார் என்றாள் ஒருநாள், லைசென்சு நம்பர் இல்லாம கடைக்காரன் எடுக்க மாட்டேங்கான், மூட்டையில கட்டுனது கட்டுனபடி இருக்கு, தூக்கிப் பாத்தா எடை கொறையுது, கரையுது சார். நான் என்ன செய்தேன். அதை நினைத்தால்தான் இந்தப் பனியன்கூட எனக்கு அதிகம் என்று தோன்றுகிறது. பாடம் எடுத்தேன். கரையலம்மா, திடப்பொருள் திரவமாகாம நேரா வாயுவாகுது, அதுக்குப் பதங்கமாதல்னு பேரு, நீ கற்பூரம் செய்யுற, இதுகூடத் தெரியலையா. சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நல்லவேளை, காத்துக்கும் சேத்து லைசென்ஸ் வாங்குன்னு நான் சொல்லல பாத்துக்கோ என்றேன். பிரிவே சிரித்தது. பேச்சித்தாயும் சிரித்தாள். வேலை ஆக வேண்டியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியும், நானும் கமிஷனர் அறையில் அதே சிரிப்பைச் சிரித்திருக்கிறேன். தெரிந்தும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இன்று இரண்டு மணிக்கு வந்தாள். மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், வாசலையே பார்த்தாள், பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன். நோட்டுகளைக் கையில் வாங்கினதும் கற்பூர வாசனை. அவள் புகார் கொடுத்து, இவர்கள் நோட்டில் தடவிக் கொடுத்த பவுடருக்கு வாசனையே கிடையாதாம், இந்த வாசனை அவளுடையது, அவள் வீட்டில் குடிக்கிற தண்ணீர்கூட அப்படித்தான் மணக்குமாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைக்குத் தெரிந்தது. தெரிந்தது மட்டுமில்லை, எங்கே, எப்போது, எந்தக் கையில் என்றுகூட ஞாபகம் வந்தது, அதுதான் சொல்ல வந்தேன், யாரிடம் சொல்ல வந்தேன், யாரும் கேட்கவில்லை. நோட்டுக் கட்டு உள்ளங்கையில் இருக்கிறது, வாசனை மூக்கில் ஏறுகிறது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே உள்ளங்கையில் இதே வாசனை. ஒரு முழு மூச்சு இழுத்து விடுகிற நேரம் எனக்கு இருந்தது. எடுத்துட்டுப் போம்மா என்று சொல்ல அது தாராளமாகப் போதும். நான் விரலை நாக்கில் தொட்டு எண்ணினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வடிவு சமையற்கட்டில் பாத்திரத்தை உருட்டவில்லை, சத்தம் போடவில்லை, அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. யாரோ ஒரு கடைக்காரன் வீட்டுக்கே வந்து ஒரு மிக்ஸியை இறக்கிவிட்டுப் போயிருந்தான், சார் சொன்னாங்க என்று. அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் கூடத்தின் நடுவில் வைத்திருந்தாள். வெயினிக்கு அப்போது ஆறு வயது, பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். வடிவு அவளை இறக்கிவிட்டாள், திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினாள், என்னைப் பார்த்து, அணைச்சு சத்தியம் பண்ணுங்க என்றாள். என்ன வடிவு, பஞ்சாயத்துல நிக்கிற மாதிரி. பண்ணுங்க. இனிமே ஒருத்தர் கையிலருந்தும் ஒண்ணும் வாங்க மாட்டேன்னு சொல்லி அணைங்க, இல்லேன்னா நான் பிள்ளையக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நான் அணைத்தேன். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, கையைத் தயங்கித் தயங்கிக் கொண்டுபோனால் சுடும், ஒரே அடியாகப் பட்டென்று தட்டையாக அடித்தால் தீ மூச்சு முட்டிச் செத்துப்போகும், தோலுக்கு ஒன்றும் ஆகாது, நான் அதை யோசித்துத்தான் அடித்தேன். சத்தியத்தை யோசிக்கவில்லை. உள்ளங்கையில் கரி வட்டமாக ஒட்டியது, தட்டில் பாதி எரிந்த வில்லை ஒன்று அப்படியே கிடந்தது. வெயினி ஓடி வந்து என் கையை விரித்துப் பார்த்தாள், அப்பா சுட்டுச்சாப்பா என்றாள், கரியை அவள் விரலால் தொட்டு மூக்கில் வைத்து மோந்தாள். சோப்புப் போட்டதும் கரி போய்விட்டது. வாசனை மறுநாள் மத்தியானம்வரைக்கும் இருந்தது, சோற்றைப் பிசையும்போது வந்தது.

பதினோரு மாசம் சுத்தமாக இருந்தேன், இதை எங்கேயாவது எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, உங்கள் மகஜரில் அதற்கு இடம் இருக்காது. பதினோரு மாசமும் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது என்று வடிவு அவள் அம்மாவிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். அந்த மனுஷன் மாறிட்டாரும்மா, சுத்தமா மாறிட்டாரு, பழைய ஆளே இல்ல. பக்கத்து வீட்டில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், என்னை வைத்துக்கொண்டே வெயினியிடம் சொன்னாள், ஒங்கப்பா மாதிரி ஒரு சத்தியம் பண்ணுனா அதுல நிக்கணும்டி. அப்புறம் ஒரு டீ. டீயெல்லாம் ஒரு கணக்கா. டீக்கு அப்புறம் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பெட்டி, பிரிவில் எல்லோருக்கும் வந்தது, நான் மட்டும் வேண்டாமென்றால் மற்றவர்களைக் குத்திக்காட்டின மாதிரி ஆகும், பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே. பெட்டிக்கு அடியில் ஒரு கவர். கவரை ஆபீஸ் இழுப்பறையிலேயே வைத்தேன், வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, சத்தியம் வீட்டில்தானே பண்ணினேன். எப்படியெல்லாம் மூளை வேலை செய்கிறது. வேகமான மாற்றம், தீக்குச்சி எரிதல். மெதுவான மாற்றம், இரும்பு துருப்பிடித்தல். இன்று காலை வெயினி இரண்டையும் சரியாகச் சொன்னாள். விரும்பத்தக்க மாற்றம், காய் கனியாதல். விரும்பத்தகாத மாற்றம் என்றதற்கு முழித்தாள், நான் எடுத்துக்கொடுத்தேன், உணவு கெட்டுப்போதல். பனிக்கட்டி உருகித் தண்ணீராகும், தண்ணீர் மறுபடி உறைந்து பனிக்கட்டியாகும், அது மீள் மாற்றம். பால் தயிராகும், தயிர் திரும்பப் பாலாகாது, அது மீளா மாற்றம். ரெண்டு ரெண்டு எடுத்துக்காட்டு தயாரா வச்சுக்கோ, ரெண்டுதான் கேப்பாங்க. அப்போதுதான் கேட்டாள், இட்லியை வாயில் வைத்துக்கொண்டே, அப்பா, கற்பூரத்த அணைச்சா பாதிதான எரிஞ்சிருக்கும், மீதி அப்படியே கெடக்கும்லா, அப்ப அது எந்த மாற்றம்ப்பா? கை நின்றுவிட்டது எனக்கு. சட்டினியை ஊற்றிக்கொண்டே வடிவு என்னைப் பார்த்துச் சிரித்தாள், பெருமையாக. அதெல்லாம் பரீட்சைக்கு வராது, இட்லியச் சாப்பிடு என்றேன். எல்லாம் தெரிந்த அப்பாவுக்கு அது மட்டும் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள், பாவம், பேசாமல் சாப்பிட்டாள்.

டம்ளர்களைப் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டார்கள், மூன்று பாட்டில், மூன்றும் ரோஸ், வலது கை, இடது கை, பை என்று லேபிள் ஒட்டி என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள். இப்போது ஒருவர் மெழுகுவத்தி கொளுத்தி அரக்கு உருக்குகிறார், மூடியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு முத்திரை குத்துகிறார், ஊதுகிறார், இறுகிவிடுகிறது. அரக்கு உருகுவது இயற்பியல் மாற்றம், மறுபடி சூடு காட்டினால் மறுபடி உருகும், பாக்கியவான். இன்னும் இரண்டு மூன்று மாசத்தில் அந்த ரோஸ் தானாக வெளுத்துவிடும் என்று யாரோ வக்கீல் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளுக்கட்டும். என் மனசு போகிற போக்கைப் பாருங்கள், இந்த நேரத்தில் பாட்டில் வெளுக்குமா என்று கணக்குப் பார்க்கிறது. சாட்சிகளில் ஒருவர் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், வந்ததிலிருந்து நெளிந்துகொண்டே இருக்கிறார், பிடிபட்டது அவரோ நானோ என்று சந்தேகம் வரும்படி. அவர் மெல்ல என் பக்கம் குனிந்தார். சார், எச்சி தொட்டு எண்ணுனீங்கள்லா, நான் பாத்தேன், வாயக் கொப்புளிச்சிருங்க சார், அந்தப் பவுடரு முந்தி பேதி மருந்தா குடுத்துட்டு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புத்தான் முதலில் வந்தது, அது பாதி வழியில் வேறு ஏதோவாகி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கையைத் தூக்கினால் நகக்கண்ணில் ரோஸ். கையைக் கீழே போட்டேன். ஆய்வாளர் அம்மா ஒரு பாட்டில் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நல்லது செய்கிறவர்கள் எல்லோரும் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்கிறார்கள்.

வெயினிக்கு யார் சொல்லுவார்கள். அதுதான், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறேன். வேலை போகும், ஜெயில் வரும், கோர்ட்டு வாசலில் செருப்புத் தேயும், அதெல்லாம் ஏதோ ஒரு தில்லைநாயகத்துக்கு நடக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை நாளைக்கு வகுப்புக்குள் நுழையும்போது பேச்சு நிற்குமே, அது மட்டும் எனக்கு நடக்கிறது, இப்போதே நடக்கிறது, காது சுடுகிறது. பேப்பரில் வரும். ரசாயனம் தடவிய நோட்டுகள் என்று வரும், எப்போதும் அப்படித்தான் வருகிறது, நானும் டீயோடு எத்தனை தடவை படித்திருக்கிறேன், முட்டாப்பய மாட்டிக்கிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அதைப் படித்துவிட்டு என்ன ரசாயனம்ப்பா என்றுகூடக் கேட்பாள். கேட்காமலும் இருப்பாள், அதை நினைத்தால்தான் பயம். முந்திக்கொள்ள வேண்டும். யாரோ சொல்லி அவள் கேட்பதற்குள் வடிவு சொல்ல வேண்டும், வடிவு சொல்ல வேண்டுமென்றால் வடிவிடம் நான் சொல்ல வேண்டும். வடிவு கத்த மாட்டாள். அந்த முருகன் படத்தை ஒரு தடவை பார்ப்பாள். சரி, பார்க்கட்டும். திட்டுவதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பதே பெரிய விஷயம், சட்டையோடு வருவாள், நீலக் கட்டம் போட்டது கொடியில் காய்கிறது, அதைத்தான் எடுப்பாள், வரும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஆனால் ஓட்டையில்லாத பனியனும் சேர்த்துக் கொண்டுவருவாள். எனக்கு அவளைத் தெரியும். முடிச்சாச்சு மேடம் என்றார் எழுதின காவலர். ஐந்து பக்கம். சார், நம்பர் என்றார் ஆய்வாளர். கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு பத்து. அப்பாடா. இப்போதுதான் மணி அடித்திருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டக்கூட மாட்டாள், இன்னும் பத்து நிமிஷம் முழுசாக இருக்கிறது. வடிவின் நம்பரைச் சொன்னேன், ஒவ்வொரு எண்ணாக, தெளிவாக. காவலர் தன் போனில் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் வாய்க்கு நேராகப் பிடித்தார். எல்லாரும் கேக்கணும் சார், நடைமுறை என்றார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். வடிவு இரண்டாவது மணியில் எடுக்க மாட்டாளே என்று மூளையின் ஒரு மூலை சொன்னது, அதற்குள் நான் வடிவு என்றுவிட்டேன்.

அப்பா! நான்தான்ப்பா! இது யாரு நம்பரு?

கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தேன். நாலு பத்து. கையெழுத்துக்காக நான் பின்னால் திருப்பிவைத்த கால் மணி நேரம் அங்கேயே, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்கிறாள், இப்போதுதான் ஓடி வந்திருக்கிறாள், செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். பரீட்சை சூப்பர்ப்பா, நீங்க சொன்னதுதான் பூராவும் வந்துச்சு, வேகமான மாற்றம் வந்துச்சு, பதங்கமாதல் வந்துச்சு, நீங்க பேசாம எங்க டீச்சராவே வந்திரலாம்ப்பா. பிரேமாவதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெயினி, அம்மாட்ட போனக் குடு என்றேன், குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது, அவளுக்குக் கேட்கவில்லை. மீளா மாற்றத்துக்கு ரெண்டு எடுத்துக்காட்டு கேட்டாங்கப்பா, ஒண்ணு பாலு தயிராகுறது எழுதிட்டேன், ரெண்டாவது மறந்தே போச்சு, யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டுக் கடைசில எழுதுனேன், கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுறதுன்னு. ஒரு சிரிப்பு. சரிதானப்பா? ஒங்கப்பா அன்னைக்கு மாறுனவருதான், திரும்பப் பழையபடி ஆகவே இல்லன்னு அம்மா சொல்லுவாங்கள்லா. மார்க் போடுவாங்களாப்பா?

ஆய்வாளர் அம்மா போனை அணைக்கக் கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பாப்போம் சொன்ன வாய், இன்னொரு பாப்போம் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பிள்ளை இன்று ஒரு ராத்திரியாவது சந்தோஷமாகத் தூங்கும். வாயில் அந்தப் பவுடரின் கசப்பா, என் கசப்பா தெரியவில்லை. சாட்சிகள், காவலர்கள், என் பிரிவு, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போட மாட்டாங்கம்மா என்றேன். அது தப்பு.

ஏன்ப்பா?

அப்பா பழையபடி ஆயிட்டேன். அம்மாட்ட போனக் குடு, அப்பாவுக்கு ஒரு சட்டை வேணும்.

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது, அதுவும் மெல்ல அடங்கியது. பிறகு தையல் மிஷின் நிற்கிற சத்தம். யம்மா, அப்பா கூப்புடுதாங்க என்று வெயினி மெதுவாகச் சொல்வது கேட்டது. வழக்கமாக அவள் கத்துவாள்.